சின்னையாவுக்குக் கட்டிய காப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி சின்னையா தண்டவாளத்தைத் தாண்டிக் கால் வைத்தால், அந்தக் கால் கோயில் வாசற்படியில்தான் போய் விழும். ஆற்றுப் பக்கம் போனாலும் அப்படித்தான், செங்கல் சூளைப் பக்கம் போனாலும் அப்படித்தான். எல்லை வரைக்கும் எல்லாரையும் போல நடந்து போவார். அடுத்த எட்டு எடுத்து வைப்பார். பார்த்தால் ஆள் வாசற்படியில் நிற்பார், பாதத்தில் சரளைக்கல் தூசி ஒட்டியிருக்கும். முதல் மாதம் லயத்து ஜனங்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்று இதை வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது மாதம் யாரும் நிற்கவில்லை. அப்போது அரிசி விலை ஏறியிருந்தது, அதைப் பற்றிப் பேசவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருடத்து ஆடியில் தொடங்கியது. அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒருவரைப் பூசாரியாக்குவதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. திருவிழா தொடங்கும் அன்று ஊரில் மதிப்புள்ள ஒருவர் மஞ்சள் கயிற்றை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து ஆளின் வலது மணிக்கட்டில் கட்டுவார். அதற்குப் பெயர் காப்பு. கட்டிய நிமிடத்திலிருந்து அவர் வாக்கு அம்மன் வாக்கு. லயத்து எல்லையைச் சுற்றி வேப்பிலைத் தோரணம் கட்டியிருக்கும், அதை அவர் தாண்டக் கூடாது. பெண்டாட்டி பிள்ளையைத் தொடக் கூடாது. பிறப்பு, இறப்பு நடந்த வீட்டு நிழலில்கூட நிற்கக் கூடாது. திருவிழா முடிந்ததும் கட்டிய கையே வந்து அவிழ்த்துவிடும், அவரும் பழையபடி கள்ளுக்கடைக்குப் போகலாம். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொன்னதில்லை. அதற்கு முன் யாரும் கட்டிவிட்டுக் காணாமல் போனதில்லை.

அந்த வருடம் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டியவர் டிப்போவில் நிலக்கரி அள்ளும் பக்கிரிசாமி. மண்டலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, ஈரத் துணியோடு அம்மன் முன்னால் வந்து நின்றார். தண்டவாளம் போடும் கூட்டத்துக்குக் கங்காணியான ரெங்கசாமி கயிற்றை அம்மன் பாதத்திலிருந்து எடுத்துவிட்டார். அதே நேரம் ரவாங்கிலிருந்து ஆள் வந்து, பக்கிரிசாமியின் அண்ணன் சுரங்கத்து மண் சரிந்து செத்துப்போனார் என்று சொன்னான். பக்கிரிசாமிக்குத் தீட்டாகிவிட்டது. பாதத்திலிருந்து எடுத்த கயிற்றைத் திரும்ப வைக்கவும் கூடாது, தரையில் போடவும் கூடாது. ரெங்கசாமி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் ஒரு கட்டு வேப்பிலையை அணைத்துக்கொண்டு சின்னையா நின்றுகொண்டிருந்தார். அவர் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்ப்பவர், சாயங்கால ரயிலில் கிள்ளானுக்குப் போக வேண்டியவர், வழியில் தோரணத்துக்கு இலை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். அவர் மனைவி தனலெட்சுமி கிள்ளான் பக்கத்து மேரு ரப்பர் தோட்டத்தில் தன் அண்ணன் இராமலிங்கத்தின் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள்.

"சின்னையா, கையை நீட்டுப்பா."

"அண்ணே, எனக்குச் சாயந்தரம் ரயிலுண்ணே. வீட்டுல இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குண்ணே."

"பத்து நாளுதானேப்பா. நானே கட்டுறேன், நானே அவுத்துவிடுறேன்."

இரண்டு கையிலும் வேப்பிலை இருந்ததால் சின்னையாவால் கும்பிட்டு மறுக்கக்கூட முடியவில்லை. இலைக்கட்டுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்த மணிக்கட்டில் ரெங்கசாமி காப்பைக் கட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். திருவிழா நன்றாகவே நடந்தது. ஆனால் எட்டாம் நாள் விடிந்ததும், கெமாஸ் பக்கம் காட்டுக்குள் புதுப் பாதை போடுவதற்கு ரெங்கசாமியின் கூட்டத்தை உடனே அனுப்பும்படி துரையிடமிருந்து உத்தரவு வந்தது. சட்டிபானையோடு எல்லாரையும் சாமான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிரம்பானைத் தாண்டும்போதுதான் ரெங்கசாமிக்குக் கயிறு ஞாபகம் வந்ததாம். கத்திப் பார்த்திருக்கிறார், வண்டி நிற்கவில்லை.

காப்பு அவிழ்க்கும் நாளில் லயத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து முடிச்சில் கை வைத்தார்கள். முடிச்சு நெகிழவில்லை. கத்தி கொண்டுவந்தார்கள், மழுங்கியது. சீனத் தையல்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கி வந்தார்கள், வாய் பிளந்துவிட்டது. கயிற்றிலிருந்து மட்டும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் கசிந்தது. சின்னையா யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். தண்டவாளத்தைத் தாண்டினார், வாசற்படியில் நின்றார். அன்று இருட்டுகிற வரைக்கும் அவர் தாண்டிக்கொண்டே இருந்தார். அந்த வாரத்தில்தான் மேருவில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அவருக்கு நடந்ததை எந்தச் சொல்லால் சொல்வது என்பதில் பிரிக்பீல்ட்ஸில் ஒத்த கருத்து ஏற்படவே இல்லை. ரயில்வே கந்தோரில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு சைவ நூல்கள் படித்தவர். "தீட்சை எடுக்காத ஆளுக்குப் பட்டம் கட்டினது எண்டு சொல்லேலாது, பாருங்கோ. நியமிச்சவை எண்டு சொல்லலாம், அதுவும் தற்காலிகமாத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். இன்ஜினில் கரி போடும் அந்தோணி மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர், "எங்க சாமியாருக்கு மேற்றிராணியார், அதான் பிஷப்பு, தலையில கைவச்சுக் குருப்பட்டம் குடுப்பாரு. கையை எடுத்தாலும் பட்டம் போகாது, செத்தாலும் போகாது. அந்த மாதிரிதான் இதுவும்" என்றார். லயத்துப் பெண்கள் அம்மன் பிடித்துக்கொண்டாள் என்றார்கள். சின்னையாவைக் கேட்டால், மாட்டிவிட்டுவிட்டார்கள் என்பார். கடைசியில் தனலெட்சுமி சொன்னது, எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான். யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் சொல்லவில்லை, கேட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது.

புரட்டாசியில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தாள். சின்னையா கருவறைக்கு முன்னால் நின்றார், அவள் வெளியே மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். காப்புக் கட்டிக்கொண்டவர் யாரையும் தொடாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து விபூதியைக் கையில் போடுவதுதான் முறை. அவள் முறை வந்தபோது அவரால் கையைத் தூக்க முடியவில்லை. குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டார். "நீங்கதான் வைக்கணும்" என்றாள். அவர் தன் தாயின் பெயரான நல்லம்மாள் என்பதைச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் பூசாரியே பெயர் வைத்துவிட்டார், குழந்தை கொடுத்துவைத்தது என்று சந்தோஷப்பட்டார்கள். தனலெட்சுமி லயத்தில் ஒரு மாதம் தங்கிப் பார்த்தாள். காலையில் அவர் கோயில் கூட்டுவதைப் பார்ப்பாள், மத்தியானம் யாரோ கொண்டுவந்த சோற்றை அவர் தனியாக உட்கார்ந்து தின்பதைப் பார்ப்பாள். ஒருநாள் மூட்டையைக் கட்டினாள். "மேருவுல இருந்தா நீங்க வேலைக்குப் போயிருக்கீங்கன்னு நெனச்சுக்கலாம். இங்கே இருந்தா அப்படி நெனைக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை ஆடிக்கு மட்டும் வந்தாள். தண்டவாளத்தைத் தாண்ட முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ரயில்வேயும் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. லயத்து ஜனங்கள் மாற்றி மாற்றிச் சோறு போட்டார்கள். அதில் அவர்கள் ஒருநாளும் குறை வைக்கவில்லை.

அவர் பெண்ணைத் தொட்டது ஒரே ஒரு தடவை. நல்லம்மாள் நடக்கப் பழகி ஓடவும் பழகியிருந்த வருடம், ஆடிக் கூட்டத்தில் தாயின் கையை உருவிக்கொண்டு, பெரியவர்களின் கால்களுக்கு நடுவில் புகுந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் விலக்கவில்லை. குனிந்து அவள் தலையில் கை வைத்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், தட்டில் ஏற்றிய கற்பூரம் அதற்குள் அணையவில்லை என்பது மட்டும் உறுதி. அந்த வாரமே அம்மை தோரணத்தைத் தாண்டி லயத்துக்குள் வந்தது. பக்கிரிசாமியின் ஒரே மகள் அதில் செத்துப்போனாள். பக்கிரிசாமி கோயிலுக்கு வந்து நின்றார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சின்னையாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மறுநாள் சின்னையா தானே மூங்கில் வெட்டி வந்து கருவறைக்கு முன்னால் தடுப்புக் கட்டினார். மூங்கிலின் மறுமுனையைப் பக்கிரிசாமி பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மன் காவலில் ஒரு குறையும் வரவில்லை. பதினெட்டாம் வருடம் விஷக்காய்ச்சல் வந்து கோலாலம்பூரில் பிணம் தூக்க ஆள் கிடைக்காமல் போனபோது, தோரணத்துக்குள் யாருக்கும் தும்மல்கூட வரவில்லை. காய்ச்சல்காரர்களைத் தோரணத்துக்குள் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள், காய்ச்சல் வெளியே நின்றது. இருபத்தாறாம் வருடத்து வெள்ளத்தில் ஆறு பெருகி ஊரெல்லாம் மூழ்கியபோது, தண்ணீர் தோரணம் வரைக்கும் வந்து இடுப்பளவு உயரத்தில் சுவராக நின்றது. பிள்ளைகள் சுவருக்குள் கையை விட்டுக் கெளுத்தி மீன் பிடித்தார்கள். அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் மீன் மிகவும் மலிவு. வெள்ளம் வடிந்த பிறகு செட்டியார்கள் கோயிலுக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். சின்னையா என்ற பெயர் மெல்ல வழக்கொழிந்துபோனது, சிறியவர் பெரியவர் எல்லாரும் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

நல்லம்மாளும் சாமி என்றுதான் கூப்பிட்டாள். மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாரையும் போல வேண்டுதல் சொல்வாள், பேசுவதற்கு அவளுக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. "சாமி, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பாஸாகணும்" என்பாள். பாஸானாள். "சாமி, அம்மாவுக்குக் கை வெட்டுக்காயம் ஆறணும்" என்பாள். ஆறியது. கடைசியாக ஒவ்வொரு வருடமும் ஒன்றே ஒன்றைக் கேட்பாள். "சாமி, எங்கப்பா வீட்டுக்கு வரணும்." சின்னையா அதையும் மற்ற வேண்டுதல்களோடு சேர்த்து அம்மனிடம் ஒப்பித்துவிட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து விபூதி போடுவார். அந்தக் கோயிலில் வைத்த வேண்டுதல்களில் பலிக்காமல் போனது அது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள்.

முப்பத்தோராம் வருடம் நல்லம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை விஜயன், மேருவிலிருந்து கிள்ளானுக்கு ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டுபவன், நல்ல பையன். தாரை வார்ப்பதற்குப் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கத் தகப்பன் வேண்டும். அதே மாதம் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியவர்களில் ஒரு கிழவரை, தங்கை கல்யாணத்தில் பார்த்த முகம் என்று, இராமலிங்கம் அடையாளம் கண்டுகொண்டார். அவர் ரெங்கசாமி. காட்டுப் பாதை வேலையில் காய்ச்சல் கண்டு, அங்கிருந்தே இந்தியாவுக்குச் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டு, ஜெர்மன் சண்டைக் காலத்தில் கப்பல் கிடைக்காமல், பிறகு உடம்பு கேட்காமல், இப்போதுதான் மகனோடு இருக்க வந்திருந்தார். இராமலிங்கம் அவரை வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். தனலெட்சுமியும் நல்லம்மாளும் கூட வந்தார்கள். வண்டியில் தனலெட்சுமி, அவருக்கு மேருவில் படுக்க எந்த அறையை ஒழிப்பது என்று அண்ணனிடம் யோசனை கேட்டுக்கொண்டே வந்தாள்.

செய்தி அதற்குள் பரவி லயமே கோயில் முன்னால் நின்றது. காப்பை அவிழ்த்தால் என்ன வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், பக்கிரிசாமிக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர்தான் கூட்டத்தை விலக்கி ரெங்கசாமிக்கு வழி விட்டார். யாராவது தடுத்திருந்தால் சின்னையா சண்டை போட்டிருக்கலாம், சண்டைக்கும் அங்கே ஆள் இல்லை. சின்னையா தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"அண்ணே, அவுத்துவிடுங்கண்ணே. பொண்ணுக்குக் கல்யாணம்."

ரெங்கசாமி கிட்டே வந்தார். கயிறு அன்று கட்டியது போலவே மஞ்சள் ஈரத்தோடு இருந்தது. கிழவரின் விரல்கள் முடிச்சு வரைக்கும் போயின. பிறகு நிமிர்ந்து சின்னையாவின் முகத்தைப் பார்த்தார். கைகள் கீழே விழுந்தன. அவர் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி, என்னைச் சோதிக்காதீங்க சாமி. உங்களை அவுக்க நான் யாரு?"

"நீங்கதானேண்ணே கட்டுனீங்க."

"அன்னிக்கு என் முன்னாடி நின்னது சின்னையா. அவனுக்குக் கட்டுனேன். இப்ப நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியுது. சாமிக்குக் கட்டுனதை மனுசன் எப்படி அவுக்கிறது?"

சின்னையா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். தான் பழைய சின்னையாதான் என்று சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்யச் செய்யக் கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அம்மன் வாக்கு அது. கடைசியில் ரெங்கசாமி எழுந்து இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். விபூதிக்காக நிற்கிறார் என்பது சின்னையாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வேறு என்ன செய்ய முடியும், ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார். தனலெட்சுமி கோயில் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். லயத்துப் பெண்களும் கூட உட்கார்ந்து அழுதார்கள், அவர்கள் உண்மையாகவே அழுதார்கள்.

கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது நல்லம்மாள்தான் முடிவு செய்தாள். "அப்பா கையால நடக்காட்டியும் அப்பா கண்ணு முன்னால நடக்கட்டும்" என்றாள். ஆவணி மாதம் அந்தக் கோயிலிலேயே நடந்தது. லயத்து ஜனங்கள் பந்தல் போட்டார்கள், சமைத்தார்கள், தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஓடியாடியிருக்க மாட்டார்கள். அந்தோணி தன் இன்ஜினிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். கார்த்திகேசு புதுக் கோடி வேட்டி கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கல்யாணத்தை நடத்தி வைக்க வேண்டியவர் பூசாரி. சின்னையா தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எத்தனையோ வீட்டுக் கல்யாணத்தில் செய்தது போலவே எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துகொண்டு வந்தார். பெண்ணை அழைக்கச் சொன்னார், வந்தாள். மாப்பிள்ளைக்கு மாலை போடச் சொன்னார், போட்டார்கள். செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்தார்கள். அடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் அவர் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். பிறகு அவர் எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"பொண்ணுக்குத் தகப்பன் யாரு? முன்னால வாங்க."

யாரும் நகரவில்லை. அவரே இரண்டாவது முறையும் கேட்க வேண்டியிருந்தது. அப்போது இராமலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார், நல்லம்மாளின் கையைப் பிடித்து விஜயன் கையில் வைத்தார், தண்ணீர் வார்த்தார். சின்னையா சொல்ல வேண்டியதைச் சொல்லித் தாலியை எடுத்துக் கொடுத்தார். குலவைச் சத்தம் கேட்டது. நிறைவாக நடந்த கல்யாணம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

கிள்ளான் ரயிலுக்கு நேரமானது. பெண்ணும் மாப்பிள்ளையும் விபூதி வாங்கிக்கொள்ள வந்தார்கள். விஜயன் வாங்கிக்கொண்டு நகர்ந்தான். நல்லம்மாள் தடுப்புக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். அன்று அவள் வேண்டுதல் ஒன்றும் வைக்கவில்லை, சாமி என்றும் கூப்பிடவில்லை. "போயிட்டு வரேம்பா" என்றாள்.

சின்னையா விரலைத் திறந்தார். விபூதி அவர் விரலை விட்டது, அவள் கைக்கு வரவில்லை. நடுவில், அந்த ஒரு சாண் இடைவெளியில், அப்படியே நின்றது. அவள் காத்திருந்தாள். அவரும் கையை எடுக்காமல் காத்திருந்தார். பின்னால் சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்திருந்தது, யாரோ உப்பு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரயிலுக்கு ஊதல் கேட்டதும் தனலெட்சுமி வந்து மகளின் தோளைத் தொட்டாள். நல்லம்மாள் வெறும் கையை மூடிக்கொண்டு போனாள்.

அடுத்த ஆடியிலும், அதற்கடுத்த ஆடிகளிலும், வயிற்றில் பிள்ளையோடும் பிறகு இடுப்பில் பிள்ளையோடும் அவள் வந்து அந்த இடத்தில் கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். விபூதி இறங்கவில்லை. கோயிலைப் பெரிதாக்கியபோது மூங்கிலை எடுத்துவிட்டுக் கம்பித் தடுப்புப் போட்டார்கள், விபூதி இருக்கிற இடத்தில் மட்டும் கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிட்டார்கள். பக்கிரிசாமிதான் தினமும் கூட்டுகிறார், அந்த இடம் வரும்போது துடைப்பத்தைத் தாழ்த்திக்கொள்கிறார். புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கையை நீட்டினால், "அது மேருவுல இருக்கிற பொண்ணோடது லா, நீங்க இங்கிட்டு வாங்க" என்று சொல்கிறார்கள், சின்னையா தட்டிலிருந்து வேறு விபூதி எடுத்து அவர்கள் கையில் போடுகிறார்.